‘மோசமாகிவிட்டது’ என்று எழுதும் முன்

ஊர் ஏரியைப் பற்றி ஒரு மனு எழுத உட்காருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். “எங்கள் ஏரி மிகவும் மோசமாகிவிட்டது, உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்” என்று எழுதினால் இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு ஏரியில் என்ன நடந்தது என்று தெரியாது. தண்ணீர் வற்றிவிட்டதா? வண்டல் சேர்ந்து தூர்ந்துவிட்டதா? கரை உடைப்பெடுத்திருக்கிறதா? மதகு பழுதா? வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கிறதா? ஆகாயத்தாமரை மண்டியிருக்கிறதா? சாக்கடை கலக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு, ஆகும் செலவு வேறு, பொறுப்பான அலுவலகம்கூடச் சில நேரம் வேறு. வற்றிய ஏரிக்கு ஒரு நல்ல மழை போதும். தூர்ந்த ஏரியில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தங்காமல் வழிந்து போய்விடும். அதைத் தூர்வார வேண்டும்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய முழுக்க வற்றின. பருவமழைக்குப் பிறகு தண்ணீர் வந்தது. அதே நகரத்தின் தெற்கே இருக்கும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு நேர்ந்தது வேறு. அது சுருங்கியது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த சதுப்பு, குப்பைக்கிடங்கும் சாலையும் கட்டடமும் ஏற ஏற, பெரும்பகுதியை இழந்த பிறகுதான், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. சுருங்கிய நிலத்தை எந்த மழையும் விரித்துத் தராது. இரண்டையும் “நீர்நிலைகள் மோசமாகிவிட்டன” என்ற ஒரே வரியில் எழுதினால் அந்த வேறுபாடு முழுக்கக் காணாமல் போகிறது.

புதிதாக எழுதப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தமிழில் ஏறக்குறைய ஒவ்வொரு பொருளுக்கும், அது கெடும் விதத்தைச் சொல்ல அதற்கென்றே ஒரு வினைச்சொல் இருக்கிறது. அதை எடுத்துப் போட்டாலே போதும், பாதி விளக்கம் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்.

இதைக் கற்றுக்கொள்ள நல்ல இடம் சமையலறை. பால் திரியும். சோறும் குழம்பும் ஊசிப்போகும். பழம் அழுகும். கீரை வாடும். முறுக்கும் அப்பளமும் நமத்துப்போகும். ரொட்டியில் பூஞ்சை பூக்கும். பழைய எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கும். வெண்டைக்காய் முற்றிவிடும். வீட்டில் பேசும்போது இந்தச் சொற்களை யாரும் மாற்றிச் சொல்வதில்லை. “பால் ஊசிப்போச்சு” என்றோ “முறுக்கு அழுகிடுச்சு” என்றோ ஒரு குழந்தை சொன்னால் உடனே திருத்திவிடுவோம். பேனாவை எடுத்ததும் எல்லாவற்றையும் ‘கெட்டுவிட்டது’ என்ற ஒன்றுக்குள் தள்ளிவிடுகிறோம். ஊசிய குழம்பைக் கொட்டத்தான் வேண்டும். நமத்த அப்பளத்தை வெயிலில் காயவைத்து மீட்கலாம். அடுத்து என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்கின்றன இந்தச் சொற்கள்.

மாவு ஒரு படி மேலே போய் இன்னொரு பாடம் சொல்லித் தருகிறது. “மாவு புளிச்சிருச்சு” என்றால் தோசை சுடலாம் என்று அர்த்தம். “மாவு புளிச்சுப்போச்சு” என்றால் காலம் கடந்துவிட்டது. வினை ஒன்றுதான். பின்னால் ஒட்டிய துணைவினை மாறியதும் நல்ல செய்தி கெட்ட செய்தியாகிவிட்டது. ‘போ’ என்ற துணைவினை, கை மீறி நடந்ததையும் பெரும்பாலும் விரும்பாமல் நடந்ததையும் குறிக்கும்: உடைந்துபோனது, வாடிப்போனது, நொறுங்கிப்போனது, மறந்துபோனது. (‘அசந்துபோனேன்’ என்பதுபோல நல்லதற்கும் அது வரும். அங்கேயும் தன் கட்டுப்பாடு போன உணர்வு இருக்கிறது.) ‘வா’ சேர்ந்தால் மெல்ல மெல்ல நடப்பது: நலிந்துவருகிறது, தேய்ந்துவருகிறது. ‘கொண்டே போகிறது’ என்றால் எங்கே நிற்கும் என்று தெரியாத ஓட்டம். ‘விட்டது’ என்றால் முடிந்தது. ஆகவே “நெசவுத் தொழில் நலிந்துவருகிறது” என்பதும் “நெசவுத் தொழில் நலிந்துவிட்டது” என்பதும் ஒரே செய்தியின் இரண்டு வடிவங்கள் என்று நினைக்கக் கூடாது. முதல் வாக்கியத்தில் இன்னும் தறி ஓடுகிறது, உதவி செய்ய நேரம் இருக்கிறது. தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்க ‘வருகிறது’ என்பதை ‘விட்டது’ என்று மாற்றினால், உயிரோடு இருக்கும் ஒன்றை நாமே முடித்துவைத்த கணக்காகிவிடும்.

வீட்டுச் சாமான்களுக்கு வருவோம். மரம் உளுத்துப்போகும், கத்தி மழுங்கும், சுவரில் காரை பெயரும், ஓலைச்சுவடி செல்லரிக்கும், சாயம் வெளுக்கும். துணி முதலில் நையும், பிறகு இற்றுப்போகும். நைந்த வேட்டியில் ஒட்டுப்போடலாம், இற்றுப்போனதில் ஊசி ஏறும் இடமே கிழியும். இரும்பு துருப்பிடிக்கும், செம்பு களிம்பேறும். இந்த இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. செம்பின் மேல் படியும் களிம்பு பெரும்பாலும் மேற்பரப்போடு நின்று, உள்ளே இருக்கும் உலோகத்தை ஓரளவு காக்கும். துரு உதிர உதிரப் புது இரும்பு வெளியே வந்து அதுவும் துருவாகும்.

சரியான வினை எவ்வளவு முக்கியம் என்பதை 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த டெல்டா மாவட்டங்களில் பார்க்கலாம். செய்திகளில் பொதுவாகத் தென்னைகள் ‘சேதமடைந்தன’ என்று வந்தது. தென்னை வளர்த்தவர்களுக்கு அந்தச் சொல் போதாது. தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான், உச்சியில் இருக்கும் குருத்து. நடுவே முறிந்த மரமும் வேரோடு பெயர்ந்த மரமும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஆனால் நிமிர்ந்து நிற்கிற மரத்தில் குருத்து திருகி ஒடிந்திருந்தால் அதுவும் போன மரம்தான். கொஞ்சம் சாய்ந்த மரத்தை மண் அணைத்து நிறுத்திவிடவும் வாய்ப்பு உண்டு. சாய்ந்தது, முறிந்தது, பெயர்ந்தது, குருத்தொடிந்தது. கணக்கெடுக்கப் போகிறவர் இந்த நான்கையும் பிரித்து எழுதினால்தான் இழப்பு சரியாகத் தெரியும்.

அடுத்து, திசை. இது கொஞ்சம் நுணுக்கமானது, மொழிபெயர்ப்புகளில் மிக அதிகமாகப் பிழை வருவதும் இங்கேதான். ஒரு நிலைமை மோசமாவது இரண்டு வழியில் நடக்கிறது. நல்லது ஒன்று குறையும், அல்லது கெட்டது ஒன்று வளரும். உடல் நலியும், ஆனால் நோய் முற்றும். விளைச்சல் சரியும், வறட்சி கடுமையாகும். ஒற்றுமை குலையும், பகை வளரும். வருமானம் தேயும், கடன் ஏறும். இவற்றைக் குறுக்கே மாற்றிப் போட முடியாது. “வறட்சி சீரழிந்தது” என்றும் “நெருக்கடி சீர்கெட்டது” என்றும் அவ்வப்போது எழுத்தில் பார்க்கிறேன். சீர் என்று ஒன்று இருந்தால்தானே கெடும்? நெருக்கடி முற்றும், வலுக்கும், தீவிரமடையும். அதன் சீர் கெட்டால் அது நமக்கு நல்லதல்லவா!

வானிலை அறிக்கை இந்தத் திசையை ஒவ்வொரு ஆண்டும் நமக்குப் பழக்கப்படுத்துகிறது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என்று படிப்படியாகப் பெயர் மாறும். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு படிக்கும் காற்றின் வேகத்தை வரையறுத்து வைத்திருக்கிறது. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். அறிக்கையில் ‘வலுப்பெறும்’ என்ற சொல் வந்தால் கரையில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தி, ‘வலுவிழக்கும்’ என்றால் ஆறுதல். சொல் தனியாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எதோடு சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கூடவே, ‘தீவிர’ என்ற அடைமொழிக்கு இங்கே ஓர் அளவு இருக்கிறது. மணிக்கு 70 கிலோமீட்டர் காற்றைத் ‘தீவிரப் புயல்’ என்று தலைப்பிட்டால் உணர்ச்சி கூடுவதோடு நிற்காது, தகவலே தவறாகிவிடும்.

அளவும் வேகமும் வரும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. பங்குச்சந்தைக் குறியீடு 80,000இலிருந்து 79,600க்கு வந்தால் அரை சதவீதம். அதற்கு ‘இறங்கியது’ போதும். ‘சரிந்தது’ என்றால் பிடிமானம் விட்டது, ‘வீழ்ந்தது’ என்றால் எழுவது கடினம். நாள்தோறும் ‘கடும் வீழ்ச்சி’ என்று எழுதிவிட்டால் உண்மையில் வீழும் நாளுக்குச் சொல் மிஞ்சாது. இன்னொன்றும் அடிக்கடி குழப்பும்: ஒரு பள்ளியின் தேர்ச்சி 90 சதவீதத்திலிருந்து 81க்கு வந்தால் குறைவு 9 சதவீதப் புள்ளிகள், ஆனால் கணக்குப்படி 10 சதவீதம். எதைச் சொல்கிறோம் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக மக்களைக் குழப்பும் வாக்கியம் “பணவீக்கம் குறைந்தது” என்பது. கேட்டவர் கடைக்குப் போய்ப் பார்க்கிறார், விலை குறையவில்லை. செய்தி பொய் என்று நினைக்கிறார். செய்தியில் பொய் இல்லை, விளக்கம்தான் இல்லை. 100 ரூபாய்ச் சாமான் முதல் ஆண்டு 8 சதவீதம் ஏறினால் 108 ரூபாய். அடுத்த ஆண்டு 4 சதவீதம் ஏறினால் 112 ரூபாய் 32 காசு. பணவீக்கம் பாதியாகிவிட்டது, சாமான் விலையோ ஏறித்தான் இருக்கிறது. இலங்கையில் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். ஓராண்டு கழித்து அது 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. புள்ளிவிவரத்தில் இது பெரிய மீட்சி. ஆனால் ஏறிய விலைகள் பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நின்றன, சம்பளம் அதே அளவு ஏறாத குடும்பங்கள் அந்த விலையிலேயே அரிசியும் பால்மாவும் வாங்கின. “விலையேற்றத்தின் வேகம் தணிந்தது, விலை இறங்கவில்லை” என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதுதான் வாசகருக்குச் செய்யும் நியாயம்.

இனி, நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் ஒன்று: யார் கெடுத்தது?

தமிழ் வினைகளில் இதைச் சொல்ல ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. கெட்டது, கெடுத்தது. அழிந்தது, அழித்தது. சிதைந்தது, சிதைத்தது. குலைந்தது, குலைத்தது. தானாக நடந்தால் தன்வினை, இன்னொருவர் நடத்தினால் பிறவினை. பெரும்பாலும் ஒரே ஓர் ஒலிதான் மாறுகிறது, பொறுப்பு இடம் மாறிவிடுகிறது. எழுத்தில் நாம் சேதமடைந்தது, மாசடைந்தது, பாதிக்கப்பட்டது என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘அடைந்தது’, ‘உற்றது’, ‘பட்டது’ என்று முடியும் வாக்கியங்களில் செய்தவர் மறைந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது.

நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு அது. “நொய்யல் மாசடைந்தது” என்று எழுதினால் ஆற்றுக்கு ஏதோ காய்ச்சல் வந்ததுபோல இருக்கிறது. நடந்தது என்ன? திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் உப்பும் சாயமும் நிறைந்த கழிவுநீரைப் பல ஆண்டுகள் ஆற்றில் விட்டன. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவுநீர் தேங்கியது, சுற்றுவட்டாரக் கிணறுகளும் வயல்களும் உப்பேறின. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு மாறிய பிறகே பட்டறைகள் திரும்ப ஓட முடிந்தது. இந்தக் கதை முழுவதும் “கழிவுநீர் விட்டு ஆற்றை மாசுபடுத்தினார்கள்” என்ற பிறவினையில் அடங்கியிருக்கிறது. ‘மாசடைந்தது’ என்பதில் இல்லை.

இதை எல்லா இடத்திலும் இழுத்துப் பிடிக்கவும் கூடாது. காரணம் தெரியாதபோது தன்வினையே நேர்மை. குளத்தில் மீன் செத்து மிதந்தால், சோதனை முடிவு வரும்வரை ‘செத்து மிதந்தன’ என்றுதான் எழுத வேண்டும். ‘கொன்றார்கள்’ என்று எழுத ஆதாரம் வேண்டும்.

மீளுமா, மீளாதா என்பதையும் சொல் காட்ட வேண்டும். மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறியபோது, 2010இலும் 2016இலும், பவளங்கள் பெருமளவில் வெளிறின. வெளிறுதல் என்றால் சாவு இல்லை. பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசிகள் வெப்பம் தாங்காமல் வெளியேறிவிடுகின்றன, பவளம் வெள்ளையாகத் தெரிகிறது. சூடு சில வாரங்களில் தணிந்தால் பாசிகள் திரும்பும், பவளம் பிழைக்கும். சூடு நீடித்தால் பட்டினியில் சாகும். வெளிறிய பவளத்தைப் பார்த்து ‘அழிந்துவிட்டது’ என்று எழுதினால், காப்பாற்ற வேண்டிய வாரங்களில் வாசகரைக் கைவிரிக்கச் செய்கிறோம்.

பாறுகளின், அதாவது பிணந்தின்னிக் கழுகுகளின், கதையிலும் இதே எல்லை வருகிறது. கால்நடைகளுக்கு வலிநிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை 2006இல் இந்தியா தடை செய்தது. இவ்வளவு பெரிய சரிவுக்குப் பிறகும் சரியான சொல் ‘அருகிவிட்டன’ என்பதே. நீலகிரி அடிவாரத்தின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அவை இன்னும் கூடுகட்டுகின்றன. ‘அற்றுப்போயின’ என்பது கடைசிப் பறவையும் போன பிறகு எழுத வேண்டிய சொல். தொழிலிலும் இப்படி ஒரு கடைசிப் படி உண்டு: மந்தம், நலிவு, நொடிப்பு, அப்புறம் திவால். திவால் என்பது சட்டப்படி ஒரு நிலை. கடையில் கூட்டம் குறைந்திருக்கிறது என்பதற்காக ஒருவரைத் திவாலானவர் என்று எழுதிவிட முடியாது.

இத்தனையும் சரியாக இருந்தும் சில வாக்கியங்கள் காலியாகவே இருக்கும். “இளைய தலைமுறை சீரழிந்துவிட்டது”, “சாப்பாட்டில் தரமே போய்விட்டது”, “அந்தக் காலம் மாதிரி இல்லை.” மோசமாவது என்பது ஓர் ஒப்பீடு, ஒப்பிட இரண்டு முனை வேண்டும். எப்போது இருந்ததைவிட? எதில்? எவ்வளவு? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் இல்லை என்றால் அந்த வாக்கியம் எழுதியவரின் மனநிலையைத்தான் சொல்கிறது, உலகத்தைச் சொல்லவில்லை. “பத்து ஆண்டுக்கு முன் எங்கள் தெருவுக்குத் தினமும் தண்ணீர் வந்தது, இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறை” என்று எழுதினால் அங்கே ‘சீரழிவு’ என்ற சொல்லே தேவைப்படாது.

கடைசியாக மனிதர்கள். வயதானவர்களைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் தமிழில் மிக இதமான சொற்கள் இருக்கின்றன: தளர்ந்துவிட்டார், மெலிந்துவிட்டார், பார்வை மங்குகிறது, காது மந்தம், குரல் கம்மியிருக்கிறது, நினைவு தப்புகிறது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைச் சொல்கிறது, மனிதரைக் குறைத்துச் சொல்லவில்லை. மருத்துவரிடம் தொலைபேசியில் “அப்பாவுக்கு ரொம்ப மோசமா இருக்கு டாக்டர்” என்று பதறுவது இயல்புதான். ஆனால் “நேத்துவரைக்கும் எழுந்து நடந்தார், இன்னைக்குப் பிடிச்சாத்தான் நிக்கிறார், மூச்சு வாங்குறது கூடியிருக்கு, சாப்பாடு பாதியா குறைஞ்சிருக்கு” என்றால் அவருக்கு அடுத்த கேள்வி கேட்க வழி கிடைக்கும். எது கூடியது, எது குறைந்தது, எப்போதிலிருந்து. முன்னே பார்த்த திசையும் ஒப்பீடும்தான் இங்கே உயிர் காக்கும் தகவல்.

பெண்களைப் பற்றி எழுதும்போது இதே ‘கெடு’ என்ற வினை கொடுமையாகவும் மாறியிருக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்ணைக் ‘கெட்டுப்போனவள்’ என்று சொல்லும் வழக்கம் நம் பேச்சில் இருந்தது, இன்னும் முழுக்கப் போகவில்லை. குற்றம் செய்தவன் ஒருவன் இருக்க, கெட்டுப்போனதாக அவளைச் சொல்வது பொய்யான வாக்கியம், தன்வினையில் எழுதப்பட்ட பொய். பத்திரிகைகள் நெடுங்காலம் எழுதிவந்த ‘கற்பழிப்பு’ என்ற சொல்லும் அப்படித்தான், அவளிடம் ஏதோ அழிந்துவிட்டதாகச் சொல்லிற்று. இன்று பல இதழ்கள் ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லில் கொடுமை, அதைச் செய்தவனுடையதாக நிற்கிறது, அவளிடம் எதுவும் கெட்டதாகவோ அழிந்ததாகவோ அது சொல்வதில்லை.